உப்பு விழாத குப்பி

சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெர்னி யுர்கானின் என்பவள் யாரிடமும் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டதே இல்லை என்று கேரிக் ஹாலோ ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். வழி தவறி வந்த வெளியூர்க்காரர்களிடம் கேட்டிருக்கிறாள். அவர்களுக்கென்றே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு மெனு அட்டைகள் கிடக்கும். யாராவது அதில் ஒன்றைக் கேட்டு வாங்கினால் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் அத்தனை தலைகளும் ஒரு தடவை திரும்பும். உள்ளூர்க்காரன் மெனு கேட்டால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தம்.

பான்டெலியின் கடையில் நடைமுறை இதுதான். வாசலில் உங்கள் வண்டி திரும்பும். பெர்னி கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். பார்த்ததும் அடுப்படியைப் பார்த்து உங்கள் பெயரை ஒரு சத்தம் போடுவாள். பலகாரத்தின் பெயரை இல்லை, உங்கள் பெயரை. "எல்வுட் வந்தாச்சு!" என்றால் பான்டெலிக்கு மூன்று பான்கேக்கும் கருகிய பன்றி இறைச்சியும் என்று தெரியும். நீங்கள் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டி, கோட்டைக் கழற்றி மாட்டி, உங்கள் முக்காலியில் உட்காரும்போது தட்டு வந்து இறங்கும். ஊருக்கே இதில் பெருமை. "சர்ச்சுக்குப் போனா நான் வந்தது கடவுளுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் தெரியாது" என்பார் எல்வுட். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர். தபால் கொடுப்பதைத்தான் விட்டாரே தவிர, சேதி கொடுப்பதை விடவில்லை.

கடை ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முக்காலிகளின் சிவப்பு ரெக்சின் கிழிந்து, அதன் மேல் டேப் ஒட்டி, டேப்பும் கிழிந்திருந்தது. உள்ளே போய் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட கோட்டில் வெங்காயமும் பன்றிக் கொழுப்பும் வாடை ஏறிவிடும். அதனால் வாடையை வைத்து எந்த மனைவியும் எந்தப் புருஷனையும் பிடித்துவிட முடியாது. இது அந்த ஊர் ஆண்களுக்குப் பெரிய வசதி.

பெர்னி இங்கே நிலைப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. இருபது வயதில் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடினார்கள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று இங்கே ஏப்ரன் கட்டினாள். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை என்பது அவளுடைய பழைய நகைச்சுவை. இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, கணீரென்ற குரல், கொண்டையில் செருகிய ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவள் எதையும் எழுதி யாரும் பார்த்ததில்லை, தலை சொறிவதைத்தான் பார்த்திருக்கிறார்கள். எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். பாதிரியாரும் கண்ணுதான். கவுன்டர் மூலையில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்து முட்டை சாப்பிடும் ரஸ்ஸும் கண்ணுதான். ரஸ் அந்த ஊரில் ஈமச்சடங்கு நிலையம் நடத்துகிறவர்.

கதவிலிருந்து மூன்றாவது முக்காலி கிளெம் ஹூடாக்குக்கு. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுபது வயதிலும் ஆள் பீரோ மாதிரி இருப்பார். அவருடைய தட்டு: லேசாகப் புரட்டிப் போட்ட இரண்டு முட்டை, இரண்டு துண்டு ஸ்கிராப்பிள், ஒரு குன்று வறுத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் வழியும் ரொட்டி. பன்றியின் சில்லறைத் துண்டுகளைச் சோளமாவோடு கிளறி, உறையவைத்து, துண்டு போட்டு மொறுமொறுவென்று வறுத்தால் அதுதான் ஸ்கிராப்பிள். எதைப் போட்டுக் கிளறினார்கள் என்று கேட்காமல் சாப்பிட வேண்டிய பொருள்.

போன வசந்தத்தில் கிளெம் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு அடைப்பை எடுத்து அனுப்பினார்கள். உப்பு கூடாது, கொழுப்பு கூடாது, காபி வீரியமாகக் கூடாது, காலையில் ஓட்ஸ் கஞ்சி என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி மார்செல்லா அத்தனையையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கிளெமும் அவள் கையைப் பிடித்து சத்தியம் செய்து கொடுத்தார்.

ஜூன் மாதம் கடைக்கு வந்தார். மூன்றாவது முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெர்னியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பெர்னி, நான் இங்க ஒரு கறுப்புக் காபி குடிச்சிட்டுப் பேசிட்டு வரேன்னு மார்செல்லா நினைச்சிட்டிருக்கா. அப்படியே நினைக்கட்டும். நீ என் தட்டைக் கொண்டா."

"கண்ணு, நீ செத்துப் பொழைச்சு வந்திருக்க."

"பொழைச்சது எதுக்கு? கஞ்சி குடிக்கவா? இதோ பாரு, நீ கொடுக்கலன்னா ஹைவேல லாரிக்காரங்க கடை இருக்கு. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. தெரியாதவன் கேள்வி கேக்கமாட்டான்."

மூலையிலிருந்து ரஸ், "உடம்பு எப்படி இருக்கு கிளெம்?" என்றார்.

"உனக்கு வியாபாரம் இல்ல, போ!" என்று கிளெம் கத்தினார்.

எல்லாரும் சிரித்தார்கள். பெர்னிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷன் ரேவுக்கும் இதே நெஞ்சுதான், இதே டாக்டர் பேச்சுதான். அவள் வீட்டில் உப்பு ஜாடியை ஒளித்துவைத்தாள். உப்பில்லாத முட்டைக்கோஸை இரண்டு வருஷம் வேகவைத்தாள். ரே முணுமுணுக்காமல் சாப்பிட்டான். அவன் போய்ச் சேர்ந்த பிறகு காரை விற்கலாம் என்று முன்பக்கத்துப் பெட்டியைத் திறந்தாள். சாஸேஜ் ரொட்டி சுற்றிய எண்ணெய்த்தாள்கள் அடைத்துவைத்த மாதிரி இருந்தன, எல்லாம் ஹைவே கடையுடையவை. எவளோ ஒரு பரிமாறுகிறவள் அவனுக்கு அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள், "இந்தா கண்ணு" என்றும் சொல்லியிருப்பாள். முகம் தெரியாத அந்தப் பெண்ணை பெர்னி அன்றிலிருந்து மனதாரத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அதே இடத்தில் அவளே வந்து நிற்கிறாள். கொடுக்காவிட்டால் கிளெம் ஹைவேக்குப் போவார். கொடுத்தால் கொல்வது அவள் கை.

அடுப்படிக்குப் போனாள். பான்டெலி வெங்காயத்தைக் கிரேக்க மொழியில் திட்டிக்கொண்டிருந்தார். அவர் அப்பா தொடங்கிய கடை. மனிதர்களோடு அவருக்குப் பேச்சு குறைவு, காய்கறிகளோடு அதிகம்.

"பான்டெலி, வான்கோழியில ஸ்கிராப்பிள் பண்ண முடியுமா? உப்பில்லாம? பாத்தா தெரியக்கூடாது, தின்னாலும் தெரியக்கூடாது."

பான்டெலி கத்தியைக் கீழே வைத்தார். "அது பாவம்" என்றார். அவர் சொன்னது சமையல் பாவத்தை. கிளெமை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "மிளகு ஜாஸ்தி போடணும். நாளைக்கு வரச் சொல்லு."

அன்றைக்கு மட்டும் ஸ்கிராப்பிள் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லி ஒரு முட்டையோடு கிளெமை அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து அவர் தட்டுக்கு ஒரு தனி ராஜ்யமே நடந்தது. வான்கோழி ஸ்கிராப்பிள் மிளகில் குளித்து வந்தது. உருளைக்கிழங்கு கொழுப்பில் வறுபடாமல் எண்ணெய் தடவி வேகும். ரொட்டியில் வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஏதோ ஒன்று இருக்கும், அது என்ன என்று பான்டெலி கடைசி வரைக்கும் சொல்லவில்லை. காபி விஷயம்தான் சிக்கல். வீரியம் எடுத்த டீகாஃப் காபி ஆரஞ்சு வாய் வைத்த ஜாடியில் இருக்கும் என்பது இந்த நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெர்னி கறுப்பு வாய் வைத்த ஜாடி ஒன்றைப் புதிதாக வாங்கி, அதில் அந்தக் காபியை ஊற்றி, ஓரமாக வைத்தாள். யாராவது அதில் கை வைத்தால், "அது பழசு, வயித்தைக் கலக்கும்" என்பாள்.

எல்லாவற்றையும் விட அழகு உப்புக் குப்பி. உப்பு கட்டி தட்டாமல் இருக்க எல்லாக் குப்பியிலும் நாலு அரிசி மணி போட்டிருப்பார்கள். மூன்றாவது முக்காலிக்கு எதிரே இருந்த குப்பியில் முக்கால்வாசி அரிசிதான். மூடியின் ஓட்டைகளில் பல்குச்சியை ஒடித்துச் செருகி, இரண்டை மட்டும் திறந்து வைத்திருந்தாள் பெர்னி. கிளெம் குப்பியை எடுத்து ஆவேசமாகக் குலுக்குவார். கலகலவென்று சத்தம் வரும். தட்டில் விழுவது நாலைந்து பொடி. ஆனால் சத்தம் கேட்டதும் அவர் நாக்குக்கு உப்பு ஏறிவிடும்.

"இதுதான்டா சாப்பாடு!" என்பார். "வீட்ல அவ கொடுக்கிறது போஸ்டர் ஒட்டுற பசை."

ஒருமுறை எல்வுட் பேச்சுவாக்கில் கிளெம் தட்டிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுவிட்டார். மென்றார். நிறுத்தினார்.

"பான்டெலி, கடையில உப்பு தீந்துபோச்சா?"

பெர்னி காபி ஊற்றிக்கொண்டே, "நீ இழுக்கிற சுருட்டுக்கு நாக்கு இன்னும் வாயில இருக்கிறதே அதிசயம். அடுத்தவன் தட்டுல கை வைக்காத கண்ணு" என்றாள். எல்லாரும் எல்வுட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். கிளெம் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்றைக்குத் தப்பித்தார்கள். எல்வுட்டுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் மத்தியானத்துக்குள் கிளெமுக்குத் தெரியும். கிளெமுக்குத் தெரிந்தால் அடுத்த நாள் காலை அவர் பிக்கப் வண்டி ஹைவே பக்கம் திரும்பும். அதனால் ரகசியம் பெர்னியையும் பான்டெலியையும் தாண்டவே இல்லை.

ஜனவரியில் பனி இடுப்பளவு விழுந்த ஒரு காலை. முன்னால் பனி தள்ளும் பலகை மாட்டிய பச்சை நிற பிக்கப் வாசலில் திரும்பியது. ஒரு பக்க விளக்கு உடைந்த அந்த வண்டி ஊரில் ஒன்றுதான் உண்டு. கண்ணாடி முழுக்க உறைபனி. பெர்னி வழக்கம்போலச் சத்தம் போட்டாள்.

"கிளெம் வந்தாச்சு!"

பான்டெலி முட்டையை உடைத்தார். கதவு திறந்தது. உள்ளே வந்தது கிளெம் இல்லை.

நீலக் கம்பளித் தொப்பியும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாகக் குள்ளமான ஒரு பெண். பெர்னிக்கு அவளைச் சாவு வீடுகளில் பார்த்த பழக்கம். அவள் போகும் சர்ச் வேறு, பெர்னி போகும் சர்ச் வேறு. மார்செல்லா ஹூடாக் இந்தக் கடைக்குள் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை.

"கிளெமுக்குச் சளி, படுத்திருக்கார்" என்றாள் மார்செல்லா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "படிக்கிற கண்ணாடியை நேத்து இங்க விட்டுட்டாராம். என் கார் ஸ்டார்ட் ஆகல, அவர் வண்டியை எடுத்துட்டு வந்தேன். போகாத, போன் பண்ணிச் சொல்லிக்கலாம்னு அந்த மனுஷன் படுக்கையிலேருந்து ஒரே கத்தல். கண்ணாடி இல்லாம பேப்பரைத் தலைகீழா பிடிச்சிட்டிருக்காரு."

காலியாக இருந்தது ஒரே முக்காலி, மூன்றாவது. அதில் உட்கார்ந்தாள்.

பெர்னி கவுன்டரின் அந்தக் கோடியில், கை நிறையத் தட்டுகளோடு நின்றாள். அடுப்படி ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், புருவத்தை ஏற்றினாள், கண்ணை உருட்டினாள். பான்டெலி முதுகைக் காட்டி நின்றார். மணியை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தட்டை ஜன்னலில் வைத்தார். பெர்னி தூரத்தில் இருந்தால் தட்டைக் கையிலிருந்து கைக்கு நகர்த்திவிடுவது அங்கே பழக்கம். ரஸ் எடுத்து அடுத்தவரிடம் கொடுத்தார், அவர் எல்வுட்டிடம் கொடுத்தார். எல்வுட் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்து முக்காலிக்குத் தள்ளினார்.

"இந்தா கிளெம், உன் தட்டு."

எல்வுட் தலையைத் திருப்பினார். பார்த்தார். செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

மார்செல்லா தட்டைப் பார்த்தாள். முட்டை, ஸ்கிராப்பிள், குன்று மாதிரி உருளைக்கிழங்கு, மஞ்சளாக வழியும் ரொட்டி. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதைத்தான் அவர் தினமும் சாப்பிடுறாரா?"

ரஸ் தன் தொப்பியைத் தேடினார்.

"உங்களைத்தான் கேக்கிறேன்" என்று மார்செல்லா பெர்னியைப் பார்த்தாள். "நீங்கதானே இங்க பரிமாறுறது?"

"ஆமா. நான்தான் கொடுக்கிறேன்."

"அவர் நெஞ்சுல குழாய் விட்டது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" மார்செல்லா தட்டைக் காட்டினாள். "மே மாசத்துலேருந்து நானும் அந்தக் கஞ்சியைத்தான் குடிக்கிறேன். உப்பு கிடையாது, சக்கரை கிடையாது. எனக்கு என்ன வியாதி? ஒண்ணும் கிடையாது! அவர் தனியா குடிச்சா மனசு விட்டுடுவாரேன்னு எதிர்ல உக்காந்து குடிக்கிறேன். நல்லா இருக்குன்னு வேற சொல்றேன். நீங்க இங்க அவருக்குக் கொழுப்புல வறுத்துக் கொட்டுறீங்க. அந்த மனுஷன் செத்தா யாருக்கு? உங்களுக்கா எனக்கா?"

பெர்னியின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. வான்கோழி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் மானம் பிழைத்துவிடும். ஆனால் எல்வுட் செய்தித்தாளுக்குப் பின்னால் காதை நாய் மாதிரி தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல் இங்கே விழுந்தால் கிளெமின் சளி ஆறும் முன்பே அவர் காதுக்குப் போய்விடும். ரேவின் காரில் எண்ணெய்த்தாள்களைக் கண்ட அன்று ஹைவே கடைக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்த அதே கேள்விகள், அதே குரல். தான் வாங்க வேண்டிய திட்டுதான் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, இல்ல?" மார்செல்லா முள்கரண்டியை எடுத்தாள். "அப்படி என்னதான் இருக்கு இதுல? சத்தியத்தை மீறுற அளவுக்கு? பாத்துடறேன்."

ஸ்கிராப்பிளில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டாள். கோபத்தோடு மென்றாள். மெல்லுவது மெதுவானது. இன்னொரு துண்டு எடுத்தாள், உருளைக்கிழங்கு ஒன்று எடுத்தாள். நெற்றி சுருங்கியது. உப்புக் குப்பியை எடுத்துக் குலுக்கினாள். கலகலவென்று சத்தம் கேட்டது, தட்டில் ஒன்றும் விழவில்லை. குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அரிசி. மூடியை நகத்தால் தடவினாள். பல்குச்சி முனைகள்.

பெர்னி ஓரத்து ஜாடியிலிருந்து ஒரு கோப்பை காபியை ஊற்றி அவள் முன்னால் வைத்தாள். மார்செல்லா ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். எட்டு மாதமாகக் கஞ்சி குடித்த நாக்கு அவளுடையது, இல்லாத உப்பும் இல்லாத கொழுப்பும் எப்படி இருக்கும் என்று அந்த நாக்குக்கு நன்றாகத் தெரியும்.

நிமிர்ந்து பெர்னியைப் பார்த்தாள். பெர்னி எல்வுட்டின் செய்தித்தாள் பக்கம் கண்ணைக் காட்டி, தலையை ஒரு நூல் அசைத்தாள்.

மார்செல்லா புரிந்துகொண்டாள். புரிந்த கையோடு, முன்பை விட இரண்டு மடங்கு சத்தமாகக் கத்தத் தொடங்கினாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு? ஒரு குடும்பத்தைக் கெடுக்கிறதுக்கா கடை?" கத்திக்கொண்டே இடது கையை நீட்டி, கவுன்டருக்கு மேல் இருந்த பெர்னியின் கையைப் பிடித்து இறுக்கினாள். பெர்னிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தவர்கள் அவள் திட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

பிறகு மார்செல்லா முக்காலியோடு சுழன்று கவுன்டர் முழுவதையும் பார்த்தாள்.

"நான் இன்னிக்கு இங்க வந்தேன், கண்ணாடியை வாங்கினேன், போனேன். தட்டு எதையும் பாக்கல. போகட்டும், அந்த மனுஷன் சந்தோஷமா சாப்பிடட்டும். நான் பாத்தேன்னு யாராவது அவர்கிட்ட மூச்சு விட்டீங்க..." என்று நிறுத்தினாள். "வியாழக்கிழமை சர்ச் அடித்தளத்துல நாங்க எல்லாரும் உக்காந்து பெரோகி கொழுக்கட்டை மடிக்கிறோம். எல்வுட், உன் பெண்டாட்டி என் வலது பக்கம். ரஸ், உன் பெண்டாட்டி எனக்கு எதிர்ல. மாவு பிசையும்போது கை வேலை செய்யும், வாய் பேசிட்டேதான் இருக்கும். எல்வுட், சுருட்டை விட்டுட்டதா வீட்ல சொல்லியிருக்கியாமே?"

செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. "நான் யாரையும் பாக்கல" என்றார் எல்வுட்.

"எனக்குக் கண்ணே தெரியாது" என்றார் ரஸ்.

மார்செல்லா தட்டைத் தள்ளிவிட்டு, பெர்னியின் காதருகே குனிந்தாள். "எனக்கு நிஜமானது ஒண்ணு கொண்டா. பன்றி, கொழுப்பு, உப்பு, எல்லாம். பசி உயிர் போகுது."

பெர்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்படியைப் பார்த்துத் திரும்பி, கடை அதிர ஒரு சத்தம் போட்டாள்.

"மார்செல்லா வந்தாச்சு!"

பான்டெலி ஜன்னலில் தலையை நீட்டினார். அவர் அகராதியில் இல்லாத பெயர். பெர்னி உப்பு டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். பான்டெலியின் முகம் மலர்ந்தது.

அந்தத் தட்டை மார்செல்லா ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள். கூட்டம் கலைந்த பிறகு பெர்னி அவளைக் கடைசி மேஜைக்குக் கூட்டிப்போய் ரேவின் காரைப் பற்றிச் சொன்னாள். முட்டைக்கோஸைப் பற்றியும் சொன்னாள். எந்தத் தோழியிடமும் அவள் சொல்லாத விஷயம் அது.

"அந்தக் கடைக்காரியைப் போய்ப் பாத்தியா?" என்று மார்செல்லா கேட்டாள். 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"இல்ல. போயிருந்தா அடிச்சிருப்பேன்."

"நானும் உன்னை அடிக்கத்தான் முள்கரண்டியை எடுத்தேன்" என்றாள் மார்செல்லா. இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் கிளெம் வந்தார். உட்காருவதற்கு முன்பே பெர்னியைக் கூப்பிட்டார். "மார்செல்லா வந்தாளாமே. என்ன கேட்டா?"

"கண்ணாடியைக் கேட்டா. கொடுத்தேன்."

"வேற?"

"குளிருதுன்னு சொன்னா."

ரஸ்ஸுக்குக் காபி புரையேறியது. எல்வுட் ஜன்னல் பக்கம் திரும்பி விசில் அடித்தார். கிளெம் நெஞ்சிலிருந்து கையை எடுத்து, குப்பியைக் குலுக்கினார். "பொழைச்சேன்டா!"

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், கிளெமின் பச்சை பிக்கப் கடையிலிருந்து சீட்டாட்டத்துக்குப் போன கொஞ்ச நேரத்தில், ஒரு சாம்பல் நிறக் கார் வாசலில் திரும்பும். பெர்னி சத்தம் போடுவாள். மூன்றாவது முக்காலியின் சூடு ஆறியிருக்காது, மார்செல்லா அதில் ஏறி உட்கார்வாள். அவளுக்கு வேறு குப்பி. கவுன்டர் ஆண்கள் நேராகப் பார்த்துக்கொண்டு முட்டையைச் சாப்பிடுவார்கள். வியாழக்கிழமை பயம் அவர்களுக்கு.

மார்ச் மாதம், கிளெம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்குப் போய்விட்டு நேரே கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"டாக்டர் அசந்துட்டான் பெர்னி! ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கு, கொழுப்பு இறங்கியிருக்கு. உப்பை விட்டதோட பலன் தெரியுதுன்னான். நான் உள்ளுக்குள்ள சிரிச்சேன். இந்தத் தட்டு பத்தித் தெரிஞ்சா அவன் சர்ட்டிஃபிகேட்டைக் கிழிச்சுப் போட்டுருவான்."

"கிழிச்சிருப்பான்" என்றாள் பெர்னி. அடுப்படியில் பான்டெலி எதையோ கீழே போட்டார்.

கிளெம் சாப்பிட்டார். பாதியில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணுதான் மனசை உறுத்துது. நான் இங்க ராஜா மாதிரி சாப்பிடுறேன். அவ அங்க எனக்காகக் கஞ்சியைக் குடிச்சிட்டு, நல்லா இருக்கு கிளெம்ங்கிறா. பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஸ்கிராப்பிள்னா அவளுக்கு உயிர் பெர்னி. கல்யாணம் ஆன புதுசுல என் தட்டுலேருந்து திருடித் தின்னுவா. இந்தத் தட்டை ஒரு நாள் அவ முன்னால வைக்கணும்னு இருக்கு. ஆனா எப்படி வைக்கிறது? வச்சா மாட்டிக்குவேனே."

பெர்னி திரும்பி நின்று, காலியாக இல்லாத காபி ஜாடியை நிரப்பப் போனாள். நிரப்பி முடிக்க வெகுநேரம் ஆனது.

கிளெம் போனார். சாம்பல் நிறக் கார் வந்தது. பெர்னி சத்தம் போட்டாள், தட்டு இறங்கியது. மார்செல்லா முதல் துண்டை ஆசையாக வாயில் போட்டுக்கொண்டபோது, பெர்னி கவுன்டரில் சாய்ந்து, கிளெம் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவளிடம் சொன்னாள். திருடித் தின்றதையும் சொன்னாள்.

மார்செல்லா மெல்லுவதை நிறுத்தினாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்தது. நாப்கினை உருவி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"பான்டெலிகிட்ட சொல்லு" என்றாள், நாப்கினுக்குள்ளிருந்து. "இன்னிக்கு உப்பு ஜாஸ்தி."